ராஜபார்ட்டை விழவைப்பது எப்படி: திருவிழா மேடைக்குத் துன்பியல் நாடகம் எழுதும் முறை

சம்பா அறுவடை முடிந்து களத்துமேடு காலியானதும் டெல்டா கிராமங்களில் நாடகப் பேச்சு எழுந்துவிடும். மாசியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் ஏதாவது ஒரு கோயிலில் காப்புக் கட்டியிருக்கும். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ வேண்டுமென்றால் நாடகக் குழுவுக்கு, அதாவது செட்டுக்கு, சொல்லிவிட்டால் போதும். ஊர்ப் பிள்ளைகளே எழுதி ஆடும் புது நாடகம் என்று வரும்போதுதான் சிக்கல். பலரும் சோக முடிவைத் தேடிப் போகிறார்கள். கடைசிக் காட்சியில் ராஜபார்ட், அதாவது நாயகன், செத்துப்போகிறான், ஆர்மோனியம் அழுகிறது, சனம் உச்சுக்கொட்டிவிட்டுப் பாயைச் சுருட்டுகிறது. மறுநாள் டீக்கடையில் அந்த நாடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த நாயகன் செத்தானே தவிர விழவில்லை. லாரி மோதியோ, வில்லன் குத்தியோ, வியாதி வந்தோ யாரும் சாகலாம். விழுவதற்கு ஒருவன் முதலில் உயரத்தில் நிற்க வேண்டும். பிறகு தானே அடியெடுத்து வைத்து விளிம்பைத் தாண்ட வேண்டும். அந்த அடிகளை ஒவ்வொன்றாக எழுதும் விதம்தான் இங்கே சொல்லப்போவது. இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் நாடகத்தை மனத்தில் வைத்தே அளவுகள் தந்திருக்கிறோம்.

பிழை என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் எழுதிய கவிதையியலின் 13ஆம் அத்தியாயம் இதற்கு மூல பாடம். குற்றமே இல்லாத நல்லவன் அழிந்தால் பார்ப்பவருக்கு மனம் கொதிக்கும். கொடியவன் அழிந்தால் சரிதான் என்று தோன்றும். இரண்டிலும் இரக்கமும் அச்சமும் பிறப்பதில்லை. நடுவே நிற்கிறவன், நம்மைப்போல் ஒருவன், ஒரு 'ஹமார்ட்டியா'வினால் வீழும்போதுதான் அவை பிறக்கின்றன என்கிறார். அந்தக் கிரேக்கச் சொல்லின் வேரில் இருப்பது குறி தவறுதல். எறிந்த ஆயுதம் இலக்கில் படாமல் போவது.

இதைத் தமிழில் குறை, பலவீனம், கெட்ட குணம் என்றெல்லாம் எழுதிப் பழகிவிட்டோம். பாதி நாடகங்கள் கெடுவது இந்த இடத்தில்தான். பொருத்தமான சொல் நம்மிடமே இருக்கிறது: பிழை. 'யானை பிழைத்த வேல்' என்கிறது 772ஆம் குறள். அங்கே பிழைத்தல் என்றால் குறி தப்புதல். சிலப்பதிகாரத்தின் பதிகம் 'அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்' என்கிறது. பாண்டியன் சாகும்போது 'என்முதல் பிழைத்தது' என்கிறான். இரண்டு மொழியிலும் கை ஓங்கி வேலை எறிந்தவன் ஒருவன் நிற்கிறான். அவன் கோழையல்ல, சோம்பேறியல்ல. யானையைத்தான் குறிவைத்தான்.

ஆகவே ஒரு வரி வசனம் எழுதுவதற்கு முன் தாளில் இதை நிரப்புங்கள்: 'இவன் குறிவைத்தது இன்னது, வேல் போய்த் தைத்தது இன்னதில்.' பாண்டியன் குறிவைத்தது திருடனை. தைத்தது குற்றமற்ற ஒருவன் கழுத்தில். ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ குறிவைத்தது தன் மானத்தைக் கெடுத்ததாக நம்பிய துரோகத்தை. தைத்தது கள்ளமில்லாத மனைவியை. இந்த வரியை நிரப்ப முடியாமல் 'இவன் முன்கோபி', 'இவன் குடிகாரன்' என்று எழுதினால் கையில் இருப்பது பாத்திரத்தின் அடைமொழி மட்டுமே. நாடகம் இன்னும் பிறக்கவில்லை. குடிகாரன் வீணாய்ப் போவான் என்று கூட்டம் முதல் காட்சியிலேயே கணக்கை முடித்துவிடும். பிறகு அவன் விழுவதைப் பார்க்க யாருக்கும் பதற்றம் இருக்காது.

குணத்தை எடுத்து மறுபக்கம் திருப்புங்கள்

பிழையைத் தேடி அலைய வேண்டாம். நாயகனின் தலைசிறந்த குணத்தை எடுங்கள். அதே குணம் எந்த நேரத்தில், எந்த இடத்தில் ஆளைக் கொல்லும் என்று பாருங்கள். விரைந்து முடிவெடுக்கிறவன் விசாரிக்காமல் முடிவெடுப்பான். நன்றி மறவாதவன் அநியாயத்துக்கும் துணை நிற்பான். கர்ணனுக்கு அதுதான் நேர்ந்தது. உண்மையைத் தோண்டாமல் விடாதவன் தன் காலுக்கடியிலேயே தோண்டுவான். கிரேக்க நாடகத்தில் வரும் தீப்ஸ் நகரத்து ஈடிப்பஸ், ஸ்பிங்க்ஸ் என்ற அரக்கி போட்ட விடுகதையை அவிழ்த்து ஊரைக் காப்பாற்றியதும் அந்தக் குணத்தால்தான். முன்னாள் அரசனைக் கொன்றவன் யார் என்று விடாமல் விசாரித்துத் தானே அந்தக் கொலைகாரன் என்று கண்டதும் அதே குணத்தால்தான்.

அந்தக் குணம் ஒருமுறை வென்றதைக் கூட்டம் கண்ணால் காண வேண்டும். முதல் 15 நிமிடத்துக்குள் அதே குணம் யாரையாவது காப்பாற்றட்டும். 'அவர் நல்லவர், வல்லவர்' என்று வேறொரு பாத்திரம் வந்து புகழ்வதால் பயனில்லை.

இனி ஒரு நாடகத்தையே கட்டிப் பார்ப்போம். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை ஊர் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயகன் ஊர்ப் பெரியவர், முறைத்தண்ணீர் பிரித்துவிடுகிறவர். சொன்ன சொல் மாறாதவர், சொந்தம் பார்க்காதவர். முதல் காட்சியில் வாய்க்காலின் மேல்பக்கத்து ஊர்களான மேமடைக்காரர்கள் பணத்தோடு வந்து, 'உங்க முறையில ஒரு நாளை விட்டுக்கொடுங்க' என்கிறார்கள். அவர் மறுக்கிறார். ஊருக்குத் தண்ணீர் வருகிறது. அந்த மகிழ்ச்சிக்கு நடுவே தச்சர் ஒருவர், 'மதகுப் பலகை உளுத்துப்போச்சு பெரியவரே, மாத்தணும்' என்கிறார். 'இந்த வருசம் தாங்கும். அந்தக் காசு தூர் வாரப் போகட்டும். சொல்லிட்டேன்.' இந்த இரண்டு வரியைக் கூட்டம் காதில் வாங்கி மறந்துவிட வேண்டும். மறக்கடிக்கக் கூட்டத்துக்குப் பிடித்தமான வேறொன்றை உடனே வையுங்கள்: ஒரு பாட்டு, ஒரு கேலி, கோமாளியான பபூனின் வருகை.

முடிவுகள் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு கதவை அடைக்கும்

ஒரே ஒரு தவறால் விழுந்தால் அது விபத்துபோல் இருக்கும். பத்துத் தவறு செய்தால் ஆள் முட்டாள் ஆகிவிடுவான். மூன்று போதும். முதல் முடிவின்போது அவனுக்கு நாலு வழி திறந்திருக்கட்டும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் ஒன்றே ஒன்று.

நம் நாடகத்தில் முதல் முடிவு இப்படி. புரட்டாசியில் தண்ணீர் குறைந்த நேரம். ஒரு காலையில் மதகு திறந்து கிடக்கிறது, ஊர்த் தண்ணீர் முழுக்க வடிந்துபோயிருக்கிறது. இரவில் அங்கே பெரியவருடைய தம்பி மகனைப் பார்த்ததாக ஒருவன் சொல்கிறான். பெரியவர் வளர்த்த பிள்ளை அவன். மதகடிக்குப் போய்ப் பார்க்கலாம், தச்சரைக் கேட்கலாம், பிள்ளையைத் தனியே விசாரிக்கலாம், ஒரு நாள் தவணை சொல்லலாம். எதையும் செய்யாமல் கோயில் வாசலிலேயே தீர்ப்புச் சொல்கிறார். விசாரித்தால் சொந்தக்காரனைக் காப்பாற்ற நேரம் கடத்துகிறார் என்று ஊர் சொல்லும் அல்லவா? சொந்தம் பார்க்காத அந்த நல்ல குணமே அவரை அவசரப்படுத்துகிறது. 'தண்ணி போனதுக்குக் காரணமானவன் எவனோ, அவன் இனி இந்தக் கரையில கால் வைக்கக் கூடாது' என்கிறார்.

இந்த வாசகத்தைக் கவனித்து எழுதுங்கள். பெயர் சொல்லாமல் 'எவனோ' என்று போட வேண்டும். நாயகன் தன் வாயாலேயே தனக்கான தண்டனையை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஈடிப்பஸ் கொலைகாரனைச் சபிப்பது இப்படித்தான். அந்தச் சாபம் திரும்பி அவன் தலையிலேயே இறங்குகிறது. பாண்டியனும் 'யாம் உடைச் சிலம்பு முத்து உடை அரியே' என்று தானே சாட்சி சொன்ன பிறகுதான் சிலம்பு உடைபடுகிறது.

இரண்டாவது முடிவு: தச்சர் வீட்டுக்கே வந்து பலகையைப் பற்றி மறுபடி சொல்கிறார். பெரியவருக்குப் பாதி விளங்குகிறது. ஆனால் பலகையைப் பார்க்கப் போனால் தீர்ப்பையும் பார்க்க வேண்டும். இங்கே அவர் வாயில் குறளைக் கொடுங்கள்: 'துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு.' 467ஆம் குறளின் பின்பாதி அது. 'எண்ணித் துணிக கருமம்' என்ற முன்பாதியை அவர் சொல்லவில்லை என்பதைக் கூட்டத்தில் படித்த பிள்ளை ஒன்று கட்டாயம் பிடித்துவிடும். பிடித்து அம்மாவிடம் சொல்லும். அப்படி ஒரு முணுமுணுப்பு எழுந்தால் நாடகம் சரியான பாதையில் போகிறது.

மூன்றாவது: ஐப்பசி அடைமழை. வாய்க்கால் வளைவில் நண்டு வளை விழுந்து கரை கசிகிறது என்று அந்தப் பிள்ளை ஆள் சொல்லி அனுப்புகிறான். கரைப்பக்கம் வராதே என்றால் வராதேதான். விடியட்டும், வேறு ஆள் போகும் என்கிறார். பிள்ளை தனியாகப் போகிறான்.

முடிவுகளுக்கு இடையே யோசிக்கும் நேரம் குறைந்துகொண்டே வர வேண்டும். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் இதற்கு நல்ல அளவுகோல். அரசன் டங்கனைக் கொல்லும் முன் மக்பெத் தவியாய்த் தவிக்கிறான், வேண்டாம் என்றே ஒருமுறை முடிவெடுக்கிறான். நண்பன் பாங்கோவைக் கொல்ல மனைவியிடமும் சொல்லாமல் ஆள் வைக்கிறான். எதிரியாகிவிட்ட மக்டஃபின் குடும்பத்தைக் கொல்லும்போது நினைத்ததும் செய்வதும் ஒன்றாகிவிடுகிறது. நம் பெரியவருக்கு முதல் தீர்ப்பின் முன் 2 நிமிட மௌனம் கொடுங்கள், இரண்டாவதில் 30 விநாடி. மூன்றாவதில் ஆள் பேசி முடிக்கும் முன்பே பதில் வரட்டும்.

நேரக் கணக்கு

110 நிமிட நாடகம் என்றால் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம். குணம் வெல்லும் முதல் காட்சி 15. வீடு, பாசம், தம்பி மகன் 10. முதல் முடிவு 20. இதுதான் நீளமாக இருக்க வேண்டியது, ஏனெனில் பின்னால் வரும் எல்லாம் இதன் மேல் நிற்கிறது. அதன் விளைவுகள், ஒதுக்கப்பட்ட வீடு, இடையில் ஒரு இலகுவான காட்சி 20. இரண்டாம் முடிவு 10. மழையும் மூன்றாம் முடிவும் 10. உடைப்பும் உண்மை தெரிதலும் 10. அதன் பிறகு 15. கடைசிக் கணக்கைப் பலர் 3 நிமிடமாகச் சுருக்கிவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

இரவு 10 மணிக்கு மேல் தொடங்கும் மேடையில் கூட்டம் வந்துபோய்க்கொண்டே இருக்கும். அதனால் முதல் தீர்ப்பின் வாசகத்தை அப்படியே, ஒரு சொல் மாறாமல், குறைந்தது இரண்டு முறை வேறு பாத்திரங்கள் வாயில் திரும்ப வரவையுங்கள். சிறு பிள்ளைகள் விளையாட்டில் அதைச் சொல்லிக் கேலி செய்வதுபோல் ஒரு காட்சி வைத்தால் நன்றாக அமையும்.

வில்லனுக்கு எவ்வளவு இடம்

மிகக் கொஞ்சம். பொற்கொல்லன் சிலப்பதிகாரத்தில் வந்துபோகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அவன் செய்தது, கேட்கத் தயாராக இருந்த ஒரு காதில் ஒரு சொல்லைப் போட்டது மட்டும். ஊடிய தேவியைச் சமாதானம் செய்யப் போகிற அரசனிடம், அந்த வேளை பார்த்துப் போட்டான். அரசன் 'கொன்று அச்சிலம்பு கொணர்க' என்கிறான். இளங்கோவடிகள் அந்த இடத்தில் எழுதும் சொல்: 'தேரான் ஆகி'. ஆராயாதவனாகி. நாலு காதை தள்ளி, கண்ணகி அவனைக் கூப்பிடும் முதற்சொல்லும் அதுதான்: 'தேரா மன்னா'. பிழைக்குப் பெயர் வைத்து, அதே பெயரால் நாயகனைக் கூப்பிட வைத்த இந்தக் கட்டுமானத்தை எழுதுகிறவர் ஒவ்வொருவரும் ஒருமுறை கையால் எழுதிப் பார்க்க வேண்டும்.

ஒத்தெல்லோவின் வில்லன் இயாகோவுக்குப் பெரிய வேடம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அவன் வேலையும் அதேதான். 510ஆம் குறள் ஒத்தெல்லோவுக்காகவே எழுதினாற்போல் இருக்கிறது: 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' ஆராயாமல் இயாகோவை நம்பினான். நம்பிய மனைவியைச் சந்தேகப்பட்டான். ஒன்றே முக்கால் அடியில் ஐந்து அங்கமும் அடங்கிவிடுகிறது.

சோதிக்க ஒரு வழி உண்டு. உங்கள் நாடகத்திலிருந்து வில்லனை எடுத்துவிடுங்கள். நாயகன் வேறு எப்படியாவது இதே குழியில் விழுந்திருப்பான் என்று தோன்றினால் சரி. வில்லன் இல்லாவிட்டால் நாயகன் சுகமாக வாழ்ந்திருப்பான் என்றால், நீங்கள் எழுதியிருப்பது வில்லனின் கதை. நம் நாடகத்தில் பொய் சொன்னவன் கூட இல்லை; இரவில் மதகடியில் பிள்ளையைப் பார்த்தது உண்மை. கசிவைப் பார்க்கத்தான் அவன் போயிருந்தான்.

ஆளை மாற்றிப் பார்ப்பது

இன்னொரு சோதனை. இரண்டு நாயகர்களை இடம் மாற்றி உட்காரவையுங்கள். திருவாரூர் மனுநீதிச் சோழனைப் பாண்டியன் அரியணையில் அமர்த்தினால், சிலம்பு வழக்கில் அவன் விசாரித்திருப்பான், கோவலன் பிழைத்திருப்பான். இந்த மாற்றத்தை மேடையிலேயே செய்துகாட்டுகிறவள் கண்ணகி. அரசன் முன் நின்று, பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட, தன் மகனைத் தேர்க்காலில் இட்டவன் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். காவிரிக் கடைமுகத்து ஊர்க்காரி, எந்த அளவுகோலால் அரசன் குறுகிப்போவானோ அதையே கையில் எடுத்துவந்து நிற்கிறாள். உங்கள் நாயகனை வேறொரு நல்லவனால் மாற்றினாலும் அதே முடிவு வரும் என்றால், பிழை இன்னும் அவனுடையதாக ஆகவில்லை. சூழ்நிலைதான் அவனைக் கொல்கிறது.

ஊழ் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 'வினைவிளை காலம் ஆதலின்' என்று ஊழைச் சொன்ன கையோடு 'தேரான் ஆகி' என்று அரசனின் செயலையும் சொல்கிறது காப்பியம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. மேடையிலும் அப்படியே வையுங்கள். மழை ஊழின் வேலை. அது எப்போது வேண்டுமானாலும் வரட்டும். மழை வந்த இரவில் கரையில் ஆள் இல்லாமல் போனது பெரியவர் வேலை. 'எல்லாம் விதி' என்ற வசனத்தை நாயகன் வாயில் மட்டும் வைக்காதீர்கள். வேறு யாராவது ஆறுதலாகச் சொல்ல, அவர் அதை மறுக்கட்டும்.

திருப்பமும் அறிதலும் ஒரே பொருளில்

நிலைமை தலைகீழாவதும், அறியாமல் இருந்தது தெரியவருவதும் ஒரே கணத்தில் நடந்தால் அதுவே சிறந்தது என்பது அரிஸ்டாட்டில் 11ஆம் அத்தியாயத்தில் சொல்வது; ஈடிப்பஸ் நாடகத்தை எடுத்துக்காட்டுகிறார். பயத்தைப் போக்க வந்த தூதன் சொன்ன செய்தியே பயத்தை உறுதிப்படுத்திவிடுகிறது.

இதை வசனத்தால் செய்யாதீர்கள். ஒருவர் ஓடிவந்து 'பெரியவரே, அவன் குற்றவாளி இல்லை' என்று சொன்னால் வாய்ச்சொல்லோடு போய்விடும். ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் முதல் காட்சியிலிருந்தே மேடையில் இருந்திருக்க வேண்டும். சிலம்பு உடைந்து மணி தெறிக்கிறது. பாண்டியனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நம் நாடகத்தில் கரை உடைந்ததும் பெரியவரே ஓடுகிறார், மதகை அடைக்கக் குனிகிறார், பலகை கையோடு பிய்ந்து வருகிறது. உளுத்துப்போன மரம். யாரும் திறக்கவில்லை, அதுவாக விட்டுக்கொண்டது. மாற்ற வேண்டாம் என்றது யார்? அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைவிலிருந்து பிள்ளையின் உடலைத் தூக்கி வருகிறார்கள். தண்ணி போனதுக்குக் காரணமானவன் எவனோ என்று சொன்ன அந்தக் கரையில், காரணமானவர் நிற்கிறார்.

நாயகன் அறியாமலே சாவது நாங்கள் அடிக்கடி காணும் கோளாறு. கூட்டத்துக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாமல் போனால் இரக்கம் வரும், அச்சம் வராது. மற்றொரு கோளாறு, தெரிந்த மறுவிநாடியே சாகடிப்பது. பாண்டியன் அப்படித்தானே செத்தான் என்பார்கள். அவனுக்கு அதற்கு முன் 'யானோ அரசன், யானே கள்வன்' என்று தன்னைத் தானே அளந்து சொல்ல ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியில் அரசன், கள்வன் இரண்டு பெயரும் இடம் மாறுகின்றன. அதுபோல் ஒரு வரி உங்களுக்கு அமைந்தால் உடனே முடிக்கலாம். அமையாவிட்டால் 15 நிமிடம் கொடுங்கள்.

அந்த 15 நிமிடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உதவும். அழுகை பிறக்கும் இடம் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு பிறர் இகழ எளியவனாவது. இழவு உறவையோ உடைமையோ இழப்பது. அசைவு பழைய நிலை கெட்டு வேறொருவனாகி வருந்துவது. நம் மேடைகளில் இழவு மட்டும் வருகிறது. பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுகை. துன்பியல் நாயகனுக்கு உரியது அசைவு. நேற்று வரை எல்லோரும் எழுந்து நின்ற இடத்தில் இன்று யாரும் எழவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. தம்பி மனைவி திட்டாமல் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் குடிக்கவில்லை. இப்படிப்பட்ட சிறு செயல் மூன்று போதும்.

துன்பியல் ஆகாதவை

அரிச்சந்திரனுக்கு நேர்ந்த துன்பம் பெரியது. சுடுகாடு வரை போகிறான். ஆனால் அவன் பக்கம் பிழை இல்லை. வாய்மையைச் சோதிக்கிறார்கள், அவன் தேறுகிறான், எல்லாம் திரும்பக் கிடைக்கிறது. அது சோதனை நாடகம். அந்த வகையில் அது உயர்ந்தது. அதைப் பார்த்துத் துன்பியல் எழுதக் கற்க முடியாது என்பது மட்டும்தான் இங்கே சொல்ல வேண்டியது. மனுநீதிச் சோழன் கதையும் பெரியபுராணத்தில் இறையருளால் மகனும் கன்றும் எழுந்துவிடுவதோடு முடிகிறது.

மெலட்டூரிலும் சாலியமங்கலத்திலும் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் ஆடும் பிரகலாத சரித்திரத்து இரணியன் கடினமான கேள்வி. மனிதனாலும் விலங்காலும், பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும் சாவில்லை என்று வரம் வாங்கியவன். ஒவ்வொரு கதவையும் எண்ணி எண்ணிச் சாத்தினான். சாத்திய கதவுகளுக்கு இடையே இருந்த சந்தில் சாவு நுழைந்தது. கட்டுமானம் துன்பியலுக்கு மிக அருகில் நிற்கிறது. கொடியவன் என்பதால்தான் இரக்கம் தடைப்படுகிறது. இரணியனை நடிப்பவர் அசுரனைக் குறைத்து அப்பனைக் கூட்டினால், 'என் பெயரைச் சொல்லடா' என்று மகனிடம் கெஞ்சும் இடத்தில் கூட்டம் ஒரு கணம் அவன் பக்கம் சாய்ந்துவிடும். முயன்று பார்க்கலாம்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலம் தொட்டு மேடை கண்ட கோவலன் கதையை ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவலனின் பிழை மதுரையில் நடப்பதில்லை. பூம்புகார்க் கடற்கரையில், மாதவி பாடிய கானல்வரியைப் பாட்டாகக் கேளாமல் அவள் மனமாகக் கேட்டு எழுந்துபோனானே, அங்கே நடந்துவிட்டது. அதை ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டுக் கொலைக்களத்தில் அரை மணி நேரம் பாடுவது தலைகீழ். கானல்வரிக்கு அந்த அரை மணியைக் கொடுங்கள்.

மேடையில் கை வேலை

நாயகனை நடிப்பவர் பிழையை நடிக்கக் கூடாது. கண்ணை உருட்டுவது, மீசையை முறுக்குவது வேண்டாம். குணத்தை மட்டும் நடிக்கட்டும். தீர்ப்புச் சொல்லும்போது தான் செய்வது நியாயம் என்று முழுக்க நம்பட்டும். பிழை கூட்டத்தின் கண்ணுக்குத் தானாகத் தெரியும்.

சிலம்பு போன்ற சிறு பொருள் 50 அடிக்கு அப்பால் தெரியாது. ஓசையாக மாற்றுங்கள்: இரண்டு பாதியாகச் செய்து மெழுகால் ஒட்டி, உள்ளே சிவப்புக் கண்ணாடி மணி 20 போட்டு, உடையும் இடத்தில் பித்தளைத் தாம்பாளமும் அதன் பக்கத்தில் ஒரு மைக்கும் வைத்தால் கடைசி வரிசைக்கும் கேட்கும். மதகுப் பலகையை முக்கால் கனம் முன்பே அறுத்து, மரத்தூளும் மெழுகும் குழைத்து அடைத்துவிடுங்கள். பிய்யும் நேரத்தில் பக்கத்திலிருந்து ஒருவர் காய்ந்த தென்னை மட்டையை மைக்கருகே முறிக்க வேண்டும். இந்த இரண்டு கையும் ஒன்றுசேர ஒத்திகையில் பத்துத் தடவையாவது செய்யுங்கள். ஓசை அரை விநாடி பிந்தினாலும் கூட்டம் சிரித்துவிடும், பிறகு மீட்க முடியாது.

பலகை பிய்ந்த பின் ஆர்மோனியம் வாசிக்கக் கூடாது. குறைந்தது 20 விநாடி மழையோசை மட்டும். முகாரியில் பாட்டு வேண்டுமென்று ஊரில் கேட்பார்கள். ஒன்று போடுங்கள், தம்பி மனைவிக்குப் போடுங்கள். பெரியவருக்குப் பாட்டு வேண்டாம்.

கரையை மேடையில் 2 அடி உயரத் திண்ணையாக அமையுங்கள். நாடகம் முழுக்கப் பெரியவர் அதன் மேல் நின்றுதான் பேச வேண்டும், மற்றவர்கள் கீழே. கடைசியில் தோள் துண்டை எடுத்து மடிக்கிறார், பலகையின் பக்கத்தில் வைக்கிறார், திண்ணையிலிருந்து இறங்கி எந்தப் பக்கமும் பார்க்காமல் நடந்து போகிறார். விளக்கு அவரோடு போகக் கூடாது. காலியான கரையின் மேலேயே நிற்கட்டும். மனத்துக்குள் பத்து எண்ணும்வரை திரையை இழுக்காதீர்கள்.